பொறி விழிக்கும் நேரம்

பழனிக்குத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து நிற்கும் இடத்தில், அதன் அடிவாரத்தில் அமைந்த ஊர் பாலசமுத்திரம். பாலாறு-பொருந்தலாறு அணை அருகில் இருப்பதால் வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊர். மே மாதக் கடைசியில் காற்று வலுத்தால், தென்னை மட்டைகள் மின்கம்பிகளின்மீது விழுந்து ஊர் இருளில் ஆழ்வதும் உண்டு. அவ்வாறு மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஒரு மாலையில், பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்த மாணவி ஒருத்தி, மடிக்கணினி ஒன்றைத் துப்பட்டாவில் சுற்றி அணைத்தபடி, கணினி பழுதுபார்க்கும் சிறு கடையொன்றின் படியேறினாள்.

அது 2018-ஆம் ஆண்டு. பொறியியல் படிப்பிற்கான கலந்தாய்வு அவ்வாண்டில்தான் இணையவழிக்கு மாறியிருந்தது. விண்ணப்பம் அனுப்ப இன்னும் சில நாள்களே இருந்தன. அவள் கையிலிருந்தது, அவளுடைய அண்ணன் மேல்நிலை வகுப்பில் படித்தபோது அரசிடமிருந்து பெற்றது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அதற்குமுன் கணினியைத் தொட்டே பார்த்திராத எத்தனையோ வீடுகளுக்குள் அதைக் கொண்டுவந்து சேர்த்தது. அண்ணன் வேலைக்குச் சென்றபின் கணினி தங்கையின் உடைமையாயிற்று.

“என்ன கண்ணு ஆச்சு?” என்று கேட்டார் கடைக்காரர்.

“விண்டோஸ் வரமாட்டேங்குதுங்க சார். நீலக் கலர்ல என்னமோ மின்னுது. உடனே அணைஞ்சு மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்குது. வெளியூர்ல ஒரு கடையில காட்டினோம். ஹார்டு டிஸ்க் போயிருச்சு, ஃபார்மட் பண்ணிப் பாக்கலாம்னு சொன்னாங்க.”

“உள்ள என்ன இருக்குது?”

“என் சர்டிஃபிகேட் எல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேனுங்க. அண்ணனோட புராஜெக்ட் இருக்குது. அப்பறம்…” அவள் சற்றுத் தயங்கினாள். “எங்க அம்மாயி கும்மி பாடினத வீடியோ எடுத்து வெச்சிருந்தோமுங்க. போன வருசம் அம்மாயி தவறிட்டாங்க.”

சான்றிதழ்களை மறுபடியும் வருடியெடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தையும் ஏதேனும் ஓர் இணைய மையத்தில் நிரப்பிவிடலாம். தன் எதிர்காலத்தை வேறொருவர் அவசரமாகத் தட்டச்சு செய்வதைப் பின்னால் நின்று பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவே. ஆனால், அம்மாயியின் குரலுக்கு வேறு படி கிடையாது. பழுதுபார்க்கும் கடைகளில் ஃபார்மட் என்னும் சொல் எளிதாக உதிர்ந்துவிடுகிறது. நோய் இன்னதென்று அறியாமலே எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகத் தொடங்குவதற்கு அது ஒரு நாகரிகமான பெயர்.

அவர் உடனே திருப்புளியை எடுக்கவில்லை. நோட்டுப் புத்தகம் ஒன்றைத்தான் எடுத்தார். என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து சொல்லுமாறு கேட்டார். அவள் சொன்ன கதை இரண்டு வாரங்களுக்கு முன் தொடங்கியது. கணினியின் மின்கலம் பழையதாகிவிட்டதால், மின்சாரம் நின்றதும் கணினியும் நின்றுவிடும். மீண்டும் இயக்கும்போதெல்லாம், நாளும் நேரமும் சரியில்லை என்று கருந்திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றும். அதைக் கடந்து உள்ளே போனால் தேதி 2012 ஜனவரி 1 என்று இருக்கும். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பற்றது என்று உலாவி மறுத்துவிடும். அவளுடைய மாமா மகன், “தேதிதான் காரணம், நான் சரி பண்றேன்” என்று சொல்லி, தொடக்கத்திலேயே எஃப் 2 விசையை அழுத்தி அமைவு நிரலுக்குள் நுழைந்தான். தேதியை மாற்றினான். நுழைந்தது நுழைந்தோம் என்று வேறு சிலவற்றையும் மாற்றிப் பார்த்தான். எவற்றை என்பது அவனுக்கே நினைவில்லை. அன்றிலிருந்துதான் விண்டோஸ் வரவில்லை.

“தேதிதான் காரணம்னு உங்க மாமா பையன் சொன்னது சரிதான்” என்றார் அவர்.

அவள் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. அவர் விளக்கினார். இணையதளம் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை மெய்ப்பிக்க ஒரு மின்னணுச் சான்றிதழைக் காட்டுகிறது. அது எந்த நாள் தொடங்கி எந்த நாள் வரை செல்லும் என்பது அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். 2018-இல் வழங்கப்பட்ட சான்றிதழை, 2012-இல் வாழ்ந்துகொண்டிருக்கும் கணினியிடம் காட்டினால் அது எப்படி ஏற்கும்? இன்னும் பிறக்காத ஒருவரின் கையொப்பம் அல்லவா அது! உலாவி மறுத்தது குற்றமன்று. தான் வாழும் ஆண்டு எதுவென்று கணினி அறியாததே குற்றம்.

கணினியை இயக்கும் விசையை அழுத்தியவுடன் அது நேரே விண்டோஸிடம் போய்விடுவதில்லை. தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில் நிலையாக எழுதப்பட்ட நிரலைத்தான் செயலி முதலில் படிக்கிறது. அந்நிரல் பயாஸ் எனப்படும். அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு அமைப்பு என்பது அதன் விரிவு. 1970-களில் சி.பி.எம். என்னும் இயக்க அமைப்பை உருவாக்கிய கேரி கில்டாலிடமிருந்து வந்த சொல் அது. உறக்கம் கலைந்தவர் கைகால்களை அசைத்துப் பார்ப்பதுபோல, இந்நிரல் நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, திரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. குறையிருந்தால் பீப் ஒலியாலோ எழுத்தாலோ அறிவிக்கிறது. எல்லாம் சரியென்றால், இயக்க அமைப்பு எந்த வட்டில் உள்ளது என்று பார்த்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எந்த வட்டை முதலில் பார்க்க வேண்டும், அவ்வட்டோடு எந்த முறையில் பேச வேண்டும், இன்று என்ன நாள் என்பனவற்றை அதற்குச் சொல்லிவைக்கும் இடமே அமைவு நிரல்.

அந்த இடம் எப்போதும் திரையில் இருந்ததில்லை. 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில் அதைச் செய்தவை தாய்ப்பலகைமேல் வரிசையாக அமைந்த சிறு பொத்தான்கள். எத்தனை நெகிழ்வட்டு இயக்கிகள், எவ்வகைத் திரை, எவ்வளவு நினைவகம் என்பதைப் பெட்டியைத் திறந்து, பேனா முனையால் அப்பொத்தான்களைத் தள்ளிச் சொல்ல வேண்டியிருந்தது. 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினியில்தான் மோட்டோரோலா நிறுவனத்தின் கடிகாரச் சில்லு ஒன்று இடம்பெற்றது. அதனுள் இருந்த நினைவகம் 64 பைட்டுகளே. அவற்றுள் 14 பைட்டுகள் கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் போக, எஞ்சிய 50 பைட்டுகளில் கணினி தன்னைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் அடங்கிற்று. ஒரு குறுஞ்செய்தியைக்கூட முழுமையாக எழுத இடம் போதாது. மின்சாரம் இல்லாத வேளையில் அந்நினைவைக் காத்தது ஒரு சிறு மின்கலம். அமைவு நிரல்கூட அப்போது கணினிக்குள் இல்லை. தனியே ஒரு நெகிழ்வட்டில் இருந்தது. வட்டு தொலைந்தால் அமைவும் தொலைந்தது. பிற்பாடுதான் அது பயாஸ் சில்லுக்குள்ளேயே குடியேறிற்று.

கடைக்காரர் இத்தொழிலுக்கு வந்தது 1990-களின் நடுவில். திண்டுக்கல்லில் ஒரு கடையில் உதவியாளராகச் சேர்ந்த அவர், முதன்முதலில் பார்த்த அமைவுத் திரையின் அடியில் அமெரிக்கன் மெகாடிரெண்ட்ஸ் என்னும் பெயர் இருந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1985-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தை நிறுவிய இருவர் சுப்ரமணியன் சங்கரும் பேட் சர்மாவும் என்பது அவருக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. உலகின் மூலைமுடுக்கெல்லாம் கணினி கண்விழிக்கையில் முதலில் தோன்றிய திரைக்குப் பின்னே நம்மவர் பெயர்கள் இருந்தன என்பதில் அவருக்கு ஓர் உவகை. அந்நிறுவனத்தின் கிளை சென்னையிலும் இயங்குகிறது என்று அறிந்தபோது அவ்வுவகை இன்னும் கூடிற்று.

அந்நாள்களில் வன்வட்டு ஒன்றைப் பொருத்துவது எளிய வேலையன்று. வட்டின்மேல் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து, அதில் எத்தனை உருளைகள், எத்தனை முனைகள், தடம் ஒன்றுக்கு எத்தனை பிரிவுகள் என்னும் எண்களை அமைவுத் திரையில் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். பட்டியலில் 46 வகைகள் முன்னரே இருக்கும். அவற்றுள் அடங்காத வட்டுக்கு 47-ஆம் வகை. ஓர் எண் பிசகினால் வட்டு திறக்காது; சில வேளை திறப்பதுபோல் காட்டிப் பின்னர் தரவைக் குழப்பிவிடும். பழைய பயாஸ்கள் 1024 உருளைகள், 16 முனைகள், 63 பிரிவுகள் என்ற எல்லையைத் தாண்டி எண்ண அறியா. பிரிவு ஒன்றுக்கு 512 பைட்டுகள் என்று பெருக்கினால் 52 கோடியே 84 இலட்சம் பைட்டுகள் வரும். வட்டு அதைவிடப் பெரியதாயினும், அதற்கு மேலுள்ள இடம் அக்கணினியைப் பொறுத்தவரை இல்லாத இடமே. எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கம் அவரிடம் அப்போது ஒட்டியதுதான். எதையும் மாற்றுமுன் இருந்ததை எழுது என்று அவருடைய முதலாளி சொல்லிக் கொடுத்திருந்தார். சொல்லிக் கொடுத்தார் என்பதைவிட, எழுதாமல் மாற்றிய ஒரு நாளில் கொடுத்த வசவினால் கற்பித்தார் என்பதே சரி.

அச்சத்தையும் அவர் அக்காலத்தில்தான் கற்றார். 1999 ஏப்ரல் 26 அன்று, தைவான் நாட்டு மாணவர் ஒருவர் எழுதிய சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் விழித்துக்கொண்டது. செர்னோபில் அணு உலை விபத்து நிகழ்ந்ததும் அதே தேதியில் என்பதால் அந்நிரலுக்குச் செர்னோபில் என்றும் பெயர் வழங்கிற்று. அது வட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, வாய்ப்புக் கிடைத்த கணினிகளில் பயாஸ் சில்லின்மீதும் குப்பையை எழுதிவிட்டது. வட்டு அழிந்த கணினியாவது திரையில் ஏதேனும் காட்டும். பயாஸ் அழிந்த கணினியோ, விசிறி மட்டும் சுழலும் வெறும் பெட்டி.

மாணவியின் கணினிக்குத் திரும்பினார் அவர். எஃப் 2 விசையை அழுத்தி அமைவுத் திரையைத் திறந்தார். எதையும் மாற்றாமல், அம்புக்குறி விசையால் பக்கம் பக்கமாக நகர்ந்து, ஒவ்வொரு வரியையும் நோட்டில் எழுதினார். அவள் வாசிக்க அவர் எழுதினார் என்பதே பொருத்தம். ஆங்கில எழுத்துகளை அவள் தயங்கித் தயங்கித் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் தடையின்றி வாசித்தாள். வட்டு முறை என்ற வரியில் ஐ.டி.இ. என்று இருந்தது. அந்த இடத்தில் அவருடைய பேனா சற்று நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாற்றமேதும் செய்யாமல் வெளியேறி, கணினியைத் தொடரவிட்டார்.

திரையில் இரண்டு வரிகள் கொண்ட பட்டியல் ஒன்று தோன்றியது. அரசு வழங்கிய அந்த மடிக்கணினியில் இரண்டு இயக்க அமைப்புகள் இருந்தன: ஒன்று விண்டோஸ்; மற்றொன்று நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். வாங்கிய நாளிலிருந்து எவரும் அந்த இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்ததில்லை என்றாள் அவள். பெரும்பாலான வீடுகளில் நிலைமை அதுவே. அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். ஒரு நிமிடம் போல் எழுத்துகள் ஓடின. பிறகு, ஆறாண்டுகளாக எவரும் எட்டிப்பார்க்காத அந்த இயக்க அமைப்பு அமைதியாகத் திறந்துகொண்டது.

“வட்டு செத்துப்போயிருந்தா இது எங்கிருந்து கண்ணு வந்துச்சு?”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டு நலமாக இருந்தது. விண்டோஸ்தான் அதை அடையும் வழியறியாமல் தவித்தது. வன்வட்டோடு பேசுவதற்கு ஐ.டி.இ. என்னும் பழைய முறையும் ஏ.எச்.சி.ஐ. என்னும் புதிய முறையும் உண்டு. நிறுவப்பட்ட நாளில் எந்த முறை இருந்ததோ, அதற்குரிய இயக்கியை மட்டுமே விண்டோஸ் 7 தொடக்கத்தில் ஏற்றிக்கொள்ளும். இடையில் எவரேனும் முறையை மாற்றிவிட்டால், பூட்டு மாற்றப்பட்ட வீட்டின் வாசலில் பழைய திறவுகோலோடு நிற்பவர்போல நின்று, நீலத்திரை காட்டி மடங்கிவிடும். லினக்ஸ் இரண்டு முறைகளுக்கும் இயக்கிகளை உடன்கொண்டே விழிக்கும் இயல்புடையது. ஆதலால் அதற்குத் தடையில்லை. மாமா மகன் வேகமாக இருக்கும் என்று எண்ணியோ என்னவோ தொட்ட வரி அதுதான்.

காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக அவர் விரையவில்லை. முதலில் லினக்ஸ் வழியாகவே வட்டிலுள்ள கோப்புகளைத் தேடி, பென் டிரைவ் ஒன்றில் படியெடுத்தார். சான்றிதழ்கள் வந்தன, அண்ணனின் செயல்திட்டம் வந்தது. அந்தக் காணொலியும் வந்தது. அது சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை திறந்துபார்க்கச் சொன்னார். பத்துப் பன்னிரண்டு கைகள் ஒருசேரக் கொட்டும் ஓசையும், அவற்றுக்கு மேலே சற்றே கம்மிய ஒரு குரலும் கடையை நிறைத்தன. “இருக்குதுங்க சார்” என்றாள் அவள். அவர் நோட்டில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டார்.

பின்னர் மின்னிணைப்பை எடுத்து, பெரிய மின்கலத்தையும் கழற்றி, கணினியின் அடிமூடியைத் திறந்தார். தாய்ப்பலகையின் ஓரத்தில் நாணயம் போன்ற மின்கலம் ஒன்று இருந்தது. குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர், சி.ஆர். 2032 என்னும் அதன் பெயரிலேயே இவ்விரண்டு அளவுகளும் அடங்கியுள்ளன. மூன்று வோல்ட் தர வேண்டிய அதை அளந்து பார்த்தபோது இரண்டுகூட இல்லை. இன்றைய கணினிகள் பலவற்றில் அமைவு மதிப்புகள் மின்சாரமே வேண்டாத நினைவகத்துக்கு மாறிவிட்டன. அதனால்தான் மாமா மகன் செய்த மாற்றம் மின்சாரம் போனபின்னும் அப்படியே நின்றது. ஆனால், காலத்தை அப்படி எழுதிவைத்துவிட முடியாது. அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு படிகம் ஒன்று உள்ளே இருக்கிறது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். அதுவே கணினிக்கு ஒரு நொடி. கணினி அணைந்திருக்கும் இரவிலும் அந்த அதிர்வு நிற்காமல் காப்பது இந்த நாணய மின்கலமே. விலை சில பத்து ரூபாய்கள். இது தீர்ந்துபோனதைப் பழுதென்று கருதி மூலையில் போடப்பட்ட கணினிகள் எத்தனை என்று எவரும் கணக்கெடுத்ததில்லை.

புதிய மின்கலத்தைப் பொருத்தி மூடியபின், அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“நீயே உக்காந்து பண்ணு கண்ணு.”

“எனக்குப் பயமா இருக்குதுங்க சார். ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?”

“எழுதி வெச்சிருக்கோமல்ல. தப்பாப் போனா எழுதினதுக்கே திரும்பிக்கலாம். ஒரு தடவைக்கு ஒண்ண மட்டும் மாத்து.”

அவள் அமர்ந்தாள். எஃப் 2. முதலில் நாள், பிறகு நேரம். எந்த நேரத்தைக் கொடுப்பது என்று கேட்டாள், சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார். அந்தக் கேள்வி தோன்றுவதைவிட நுட்பமானது. விண்டோஸ், சில்லிலுள்ள கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவே கொள்ளும். லினக்ஸ் பெரும்பாலும் அதை உலகப் பொது நேரமாகக் கொள்ளும். இரண்டும் ஒரே கணினியில் குடியிருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்வருகையில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிசகி நிற்பதுண்டு. மின்கலத்தின்மேல் பழிபோட்டு இரண்டாவது முறை அதை மாற்றியவர்களும் உண்டு. அதைச் சீர்செய்ய வேண்டிய இடம் லினக்ஸின் அமைப்பில் என்று ஒரு தாளில் அவளுக்கு எழுதிக் கொடுத்தார்.

சேமித்து வெளியேறி, கணினியை மீண்டும் இயக்கினாள். எச்சரிக்கை வரவில்லை. விண்டோஸ் வழக்கம்போல் நீலம் காட்டி மடங்கியது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பேசாமல் நின்றார். அவளாகவே மீண்டும் அமைவு நிரலைத் திறந்து, வட்டு முறை என்னும் வரிக்கு இறங்கி, ஐ.டி.இ. என்பதை ஏ.எச்.சி.ஐ. ஆக்கினாள். மாற்றுமுன் நோட்டில் அவ்வரியைத் தேடி, பழைய மதிப்பின் பக்கத்தில் புதியதையும் எழுதினாள். அதை எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. எஃப் 10 விசையை அழுத்தினாள்; சேமிக்கவா என்ற வினாவுக்கு ஆம் என்றாள்.

நான்கு வண்ணங்கள் சுழன்று கூடின. சிறிது நேரத்தில், அண்ணன் எப்போதோ வைத்துவிட்டுப் போன பழனி மலையின் படம் திரையில் விரிந்தது.

கைப்பேசியின் இணைய இணைப்பைக் கொடுத்து விண்ணப்பத் தளத்தைத் திறந்தாள். உலாவி மறுக்கவில்லை. பெயர், பிறந்த நாள், பள்ளி என்று நிரப்பத் தொடங்கினாள். இணைய மையத்துக்குப் போன தோழி ஒருத்தியின் விண்ணப்பத்தில் அம்மையக்காரரின் கைப்பேசி எண்ணே பதிவாகிவிட்டதை அவள் கேள்விப்பட்டிருந்தாள். தன் எண்ணை இருமுறை சரிபார்த்தாள். முதல் பக்கத்தைச் சேமித்த சற்று நேரத்துக்கெல்லாம் வெளியே காற்று உறுமியது. விளக்கு அணைந்தது, விசிறி நின்றது, மடிக்கணினியின் திரையும் இருண்டது.

தெருவில் யாரோ மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டு போனார்கள். மலைப்பக்கம் மின்னல் வெட்டியது. அவர் மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி மேசைமேல் வைத்தார். இருவரும் காத்திருந்தார்கள். அரைமணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும், அவள் விசையை அழுத்தினாள். கருந்திரை தோன்றிய கணத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எச்சரிக்கை ஏதுமின்றி விண்டோஸ் திறந்தது. திரையின் மூலையைப் பார்த்தாள். பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டிலும் மணி எட்டேகால்.

அவள் இரண்டாம் பக்கத்தைத் திறந்தாள்.